"ஜூலை 5-ந் தேதி கடல் பொங்கும்!"
ஜப்பானைக் கலக்கிய கனவு

2025-ம் ஆண்டு கோடையில் ஜப்பான் நாட்டில் ஒரு விந்தை நடந்தது. பூகம்பம் வரவில்லை. ஆனால், வராத பூகம்பத்தைக் கண்டு ஜனங்கள் ஓடினார்கள்!

"ஜூலை 5-ந் தேதி கடலுக்கு அடியில் பூமி பிளக்கும். பனைமர உயரத்துக்கு அலை எழும்பும். ஜப்பானில் பெரும்பகுதி மூழ்கும்" என்று ஊரெல்லாம் பேச்சு. இந்தப் பேச்சு கடல் கடந்து ஹாங்காங்குக்கும் போயிற்று. அங்கே அது இன்னும் பெரிதாகிவிட்டது.

ஹாங்காங் மக்களுக்கு ஜப்பான் என்றால் ஆசை. விடுமுறை வந்தால் குடும்பத்தோடு புறப்பட்டு விடுவார்கள். அந்த வருடம் மட்டும் தயங்கினார்கள். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆள் சேராததால் செண்டாய், டோக்குஷிமா ஆகிய ஊர்களுக்குப் போகும் விமானங்கள் குறைக்கப்பட்டன. மே மாதத்தில் மற்ற நாட்டுப் பயணிகள் ஜப்பானில் குவிந்தார்கள். ஹாங்காங் பயணிகள் மட்டும், முந்திய வருடம் மே மாதத்தைவிட 100-க்கு 11 பேர் வீதம் குறைந்துவிட்டார்கள்.

செண்டாய் நகரம் மியாகி மாகாணத்தில் இருக்கிறது. 2011-ல் சுனாமியால் மிகவும் அடிபட்ட மாகாணம் அது. மெல்ல எழுந்து நிற்கும் நேரத்தில், வதந்தி வந்து வயிற்றில் அடித்தது. "ஆதாரமில்லாத பேச்சால் எங்கள் பிழைப்பு கெடுகிறதே" என்று மாகாண கவர்னரே வருத்தப்பட்டார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு படக்கதைப் புத்தகம்!

கனவுப் புத்தகம்

தத்சுகி ரியோ என்பவர் ஜப்பானில் படக்கதை வரைந்து வந்த ஒரு பெண்மணி. தாம் காணும் கனவுகளை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது அவருடைய வழக்கம். அந்தக் கனவுகளைக் கொண்டு 1999-ம் ஆண்டில் "நான் கண்ட எதிர்காலம்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். பிறகு தொழிலில் இருந்து ஒதுங்கிவிட்டார். புத்தகத்தையும் எல்லோரும் மறந்து போனார்கள்.

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கரையில் பயங்கர பூகம்பம். அதைத் தொடர்ந்து சுனாமி. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18 ஆயிரம் பேருக்கு மேல்.

அப்பொழுதுதான் யாரோ ஒருவர் அந்தப் பழைய புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். அதில், "பெரிய ஆபத்து 2011 மார்ச்" என்று அச்சாகி இருந்தது! கேட்க வேண்டுமா? பழைய புத்தகத்துக்கு ஏகக் கிராக்கி. 2021-ல் புதிய பதிப்பு வந்தது. "உண்மையான பேராபத்து 2025 ஜூலையில் வருகிறது. ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் நடுவே கடலடி பிளக்கும். 2011-ல் வந்ததைப்போல மூன்று மடங்கு உயரத்தில் அலை வரும்" என்று அதில் கண்டிருந்தது.

ஜூலை 5 என்ற தேதி எப்படி வந்தது தெரியுமா? அந்தக் கனவை அவர் கண்ட நாள் 2021 ஜூலை 5. "கனவு கண்ட தேதி வேறு, ஆபத்து வரும் தேதி வேறு" என்று பின்னால் அந்த அம்மையாரே விளக்கினார். ஆனால், பயந்து போனவர்கள் காதில் அது ஏறவில்லை.

பனம்பழம் விழுந்தது!

அப்படியானால் 2011 மார்ச் என்று சரியாகச் சொன்னது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அட்டையில் இருந்தது ஆண்டும் மாதமும் மட்டுமே. பூகம்பம் என்று இல்லை. எந்தக் கரை என்றும் இல்லை. அந்த வார்த்தையை 2011-க்கு முன்பு படித்த எவரும் வீட்டைக் காலி செய்யவில்லை. ஓர் உயிரும் தப்பவில்லை. நடந்த பிறகுதான் அது ஆருடம் ஆயிற்று.

இன்னொரு விஷயம். உலகத்தில் வருடத்துக்குச் சராசரி 15 பூகம்பங்கள், 7 ரிக்டருக்கு மேல் வருகின்றன. ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று! ஜப்பானிலோ, மனிதர் உணரக்கூடிய நடுக்கம் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் உண்டு. ஐப்பசியில் மழை வரும் என்று சொல்ல ஞானதிருஷ்டி வேண்டுமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்குப் பெயர் வந்துவிடுகிறது. பழம் விழாத நாட்களில் காக்கை எத்தனை தடவை உட்கார்ந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

எந்த நாள், எந்த இடம், எவ்வளவு பெரிது: இந்த மூன்றையும் முன்கூட்டிச் சொன்னால்தான் அது கணிப்பு. பெரிய பூகம்பம் ஒன்றையேனும் தாங்களோ வேறு விஞ்ஞானிகளோ அப்படிச் சொன்னதில்லை என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஒளிக்காமல் கூறுகிறது. 2025 ஜூனில் ஜப்பான் வானிலை இலாகாவின் தலைவரும் இதையே சொன்னார். "தேதி குறித்துச் சொல்வதெல்லாம் புரளி" என்றார்.

உடம்பு சொல்லுமா?

கனவு காண்பவர்கள் ஒரு வகை. உடம்பால் உணர்வதாகச் சொல்பவர்கள் இன்னொரு வகை. "காதில் இரைச்சல் கேட்கிறது, தலை வலிக்கிறது, எங்கோ பூமி நடுங்கப் போகிறது" என்பார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் இப்படிப்பட்டவர்கள் உண்டு. எல்லோரும் மோசக்காரர்கள் அல்ல. வலி உண்மையாகவே இருக்கலாம். ஆனால், தலைவலி யாருக்குத்தான் வருவதில்லை?

அதே கலிபோர்னியாவில் பார்க்பீல்டு என்று ஒரு கிராமம். அங்கே சுமார் 22 வருடத்துக்கு ஒரு தடவை நிலம் நடுங்குவது வழக்கமாக இருந்தது. "1993-க்குள் மறுபடி வரும்" என்று விஞ்ஞானிகளே கணக்குப் போட்டு, பூமிக்குள்ளும் வெளியிலும் கருவிகளைப் பொருத்திக் காத்திருந்தார்கள். வரவில்லை. 2004 செப்டம்பர் 28-ந் தேதிதான் வந்தது. அத்தனை நுட்பமான கருவிகளுக்கும் முன் அடையாளம் ஒன்றும் கிட்டவில்லை. கருவிக்கே கேட்காதது மனிதர் காதுக்குக் கேட்குமா?

நாய் ஊளையிடுகிறதே என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பூகம்பத்தில் இரண்டு விதமான அதிர்வுகள் கிளம்புகின்றன. முதல் அதிர்வு வேகமாக வரும், பலம் குறைவு. அடுத்தது பின்னால் வரும். வீட்டை இடிப்பது அதுதான். முதல் அதிர்வை நாய் உணர்ந்து குரைக்கும். நாம் உணர்வதற்குள் சில வினாடிகள் ஆகிவிடும். நாய் உணரும்போது பூகம்பம் தொடங்கிவிட்டது என்பதுதான் விஷயம்.

ஜப்பான்காரர்கள் இதையே கருவியில் பிடித்தார்கள். முதல் அதிர்வு தெரிந்ததும் எச்சரிக்கை பறக்கிறது. ரயில்கள் தாமாகவே நிற்கின்றன. 2011-ல் வடகிழக்குப் பாதையில் பயணிகளுடன் பறந்துகொண்டிருந்த அதிவேக ரயில்களில் ஒன்றுகூடத் தடம் புரளவில்லை.

பயப்படாதே என்பதும் ஆபத்து!

இத்தாலி நாட்டில் லாக்குய்லா என்ற ஊரில் நடந்த கதையைக் கேட்டால், விஷயம் இவ்வளவு எளிதல்ல என்று தெரியும்.

2009-ம் ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பகுதியில் அடிக்கடி சிறு நடுக்கங்கள். ஜியாம்பவுலோ ஜூலியானி என்ற ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், பூமியில் இருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து பார்த்து, "பூகம்பம் வரப்போகிறது" என்றார். சுல்மோனா என்ற ஊரில் ஒலிபெருக்கி வண்டிகள் சுற்றின. ஜனங்கள் பதறினார்கள். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பீதி கிளப்பியதாக அவர் மீது புகார் எழுந்தது.

ஜனங்களைச் சமாதானப்படுத்த, மார்ச் 31-ந் தேதி நிபுணர்கள் கூடினார்கள். அன்று ஓர் அதிகாரி, "ஆபத்து இல்லை, நிம்மதியாக இருக்கலாம்" என்ற பொருளில் பேட்டி கொடுத்தார்.

ஏப்ரல் 6-ந் தேதி விடியற்காலை 3 மணி 32 நிமிடம். லாக்குய்லா இடிந்தது. 300-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இரவில் நிலம் ஆடினால் பெரியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, வெட்டவெளியில் படுப்பார்கள். "அதிகாரிகள் சொன்னதை நம்பி, அன்று இரவு நாங்கள் வீட்டிலேயே படுத்தோம்" என்று உறவினரை இழந்தவர்கள் கோர்ட்டில் அழுதார்கள். 2012-ல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆளுக்கு 6 ஆண்டு சிறைத் தண்டனை. 2014-ல் அப்பீலில் விஞ்ஞானிகள் விடுதலை ஆனார்கள். அதிகாரிக்கு மட்டும் 2 ஆண்டு என்று குறைந்தது.

ஜூலியானி சொன்னது பலித்ததா? அவர் பதறச் செய்தது சுல்மோனாவை. இடிந்தது, பல மைல் தள்ளி உள்ள லாக்குய்லா. அவர் பேச்சைக் கேட்டு சுல்மோனாக்காரர்கள் ஓடியிருந்தால், சிலர் லாக்குய்லாவில் உறவினர் வீட்டில் போய்ப் படுத்திருக்கவும் கூடும்! "வரும்" என்றவரும் தேதி அறியாதவர். "வராது" என்றவரும் தேதி அறியாதவர்.

ஜப்பானில் என்ன ஆயிற்று?

2025 ஜூன் கடைசியில் இருந்தே தெற்கே டோக்காரா தீவுகளில் நிலம் ஓயாமல் ஆடியது. இரண்டு வாரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல்! தூக்கமின்றித் தவித்த தீவு மக்களில் சிலர் படகேறி வெளியேறினார்கள். "பார்த்தீர்களா, கனவு பலிக்கிறது" என்று நம்பிக்கைக்காரர்கள் துள்ளினார்கள்.

ஜூலை 5-ந் தேதி வந்தது, போயிற்று. கடல் பொங்கவில்லை.

ஜூலை 30-ந் தேதி காலை, கனவில் சொன்ன இடத்துக்கு நேர் எதிர்த்திசையில், ரஷியாவின் கம்சட்கா கரைக்கு அப்பால் 8.8 ரிக்டர் அளவில் கடலடி குலுங்கியது. ஜப்பானில் சைரன் ஊதியது. சுமார் 20 லட்சம் பேரை மேட்டுக்குப் போகும்படி சர்க்கார் கேட்டுக்கொண்டது. முதல் அலை வடகோடிக் கரையைத் தொடுவதற்குச் சுமார் 2 மணி நேரம் அவகாசம் இருந்தது. பள்ளிக்கூட மாடிகளிலும் குன்றுகளிலும் குடையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். குஜி துறைமுகத்தில் 1.3 மீட்டர் உயர அலை பதிவாயிற்று. மறுநாள் மாலை எச்சரிக்கையை நீக்கினார்கள்.