மரக்கறி உண்பவர் மைதானத்தில் பின்னிற்க வேண்டுமா?

"மச்சம் சாப்பிடாதவனுக்கு மைதானத்தில் என்ன வேலை?" நமது பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்துவிட்டால் இப்படியொரு குரல் எங்கிருந்தாவது எழும். கேட்பவர் அதனைப் பகிடியாகவே சொல்லுவார். ஆனால் அதனைக் கேட்கும் சைவ வீட்டுப் பிள்ளையின் மனதில் அது பகிடியாக நிற்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் 1500 மீற்றர் ஓடும் மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "முட்டையாவது சாப்பிடு, இல்லாவிட்டால் மாவட்ட மட்டத்தை மறந்துவிடு" என்று அவளது பயிற்றுவிப்பாளர் சொல்லிவிட்டார். வீட்டிலோ, "எங்கட பரம்பரையே சைவம், நாங்கள் என்ன மெலிஞ்சா போனோம்?" என்று அம்மம்மா கேட்டாராம். பிள்ளை இருவருக்கும் நடுவில் நின்றாள். ஓட்டத்தை விட்டுவிடலாமா என்பதே அவளது கேள்வி.

நான் அவளிடம் ஒன்றை மட்டும் கேட்டேன்: "நேற்று என்ன சாப்பிட்டாய்?" காலையில் வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கற்றும். பாடசாலை விட்டபின் சோறு, கத்தரிக்காய்க் கறி, தண்ணீராக ஓடும் பருப்பு. மாலையில் இரண்டு மணித்தியாலப் பயிற்சி. இரவு புட்டும் சம்பலும். அவ்வளவுதான்.

பயிற்றுவிப்பாளர் சொன்னதும் சரியன்று, அம்மம்மா சொன்னதும் முழுவதும் சரியன்று என்பதே எனது கருத்தாகும். குறை சைவத்தில் இல்லை. குறை அந்தக் கோப்பையில் இருந்தது.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். புரதம் உடலின் இழையங்களைக் கட்டியெழுப்பவும், தேய்ந்தவற்றைப் புதுப்பிக்கவும் வேண்டப்படும் போசணைப் பதார்த்தம் ஆகும். சாதாரண வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.83 கிராம் புரதம் போதுமானது என உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் 2007 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. வளரும் பருவத்தினருக்கு இது சிறிது கூடுதலாகும். கடும் பயிற்சியில் ஈடுபடுவோருக்கு இந்த அளவு போதாது. பயிற்சியின்போது தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதங்கள் சீர்செய்யப்பட வேண்டும். எனவே விளையாட்டு வீரருக்கு ஒரு கிலோகிராமுக்கு 1.2 முதல் 2.0 கிராம் வரை தேவை என அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும், அமெரிக்க, கனேடிய உணவியலாளர் அமைப்புகளும் 2016 இல் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாட்டில் குறிப்பிட்டன.

அந்த மாணவியின் நிறை 50 கிலோகிராம். எனவே அவளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். தாவரப் புரதம் விலங்குப் புரதத்தைவிடச் சற்றுக் குறைவாகவே சமிபாடடைவதால் 70 கிராம் அளவில் இலக்கு வைப்பது பாதுகாப்பானது. இதனை மரக்கறி உணவில் பெற முடியுமா? சமைக்காத நிறையில் கணக்குப் பார்ப்போம்.

• அரிசி 250 கிராம் (முழு நாளுக்கும்): ஏறத்தாழ 17 கிராம் புரதம்
• பருப்பு 50 கிராம்: 12 கிராம்
• அவித்த பயறு அல்லது கௌபி 50 கிராம்: 12 கிராம்
• சோயா மீற் 30 கிராம்: 15 கிராம்
• கச்சான் 30 கிராம்: 7 கிராம்
• பசுப்பால் ஒரு குவளை (200 மில்லிலீற்றர்): 6 கிராம்

கூட்டினால் 69 கிராம். கீரை, தேங்காய், ஏனைய மரக்கறிகளிலிருந்து கிடைப்பது இதற்கு மேலதிகமானது. இவற்றுள் நமது கடைத்தெருவில் கிடைக்காத பொருள் ஒன்றுமில்லை. பாலையும் தவிர்ப்பவர் பயறையோ சோயாவையோ சற்றுக் கூட்டினால் போதும்.

"தாவரப் புரதம் முழுமையற்றது" என்பது அடுத்து எழும் மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் அது அரைவாசி உண்மையே. வளர்ந்தவர்களுக்கு உணவின் மூலமே கிடைக்க வேண்டிய இன்றியமையாத அமினோ அமிலங்கள் ஒன்பது. தானியங்களில் இலைசின் குறைவு. அவரையினப் பருப்பு வகைகளில் மெதியோனின் குறைவு. சோறும் பருப்பும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இட்டலியில் அரிசியும் உழுந்தும், பொங்கலில் அரிசியும் பயறும் சேர்வதும் இவ்வாறே. இவற்றை ஒரே வேளையில் சேர்த்து உண்ண வேண்டும் என்று முன்னர் கருதப்பட்டது. ஒரு நாளுக்குள் பல்வகை உணவுகளை உண்டாலே போதும் என்பதே இன்றைய விளக்கம் ஆகும்.

உலக அரங்கிலும் உதாரணங்கள் உள்ளன. சிறுவயது முதல் மரக்கறி உணவையே உண்டுவந்த அவுஸ்திரேலிய நீச்சல் வீரர் மரே ரோஸ் 1956 மெல்பேண் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். கார்ல் லூயிஸ் முற்றிலும் தாவர உணவுக்கு மாறியிருந்த காலத்தில், 1991 இல் டோக்கியோவில் 100 மீற்றரை 9.86 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்தார். எனினும் மாணவர்களே, தனியொருவரின் பதக்கம் ஓர் உணவுமுறைக்கு நிரூபணம் ஆகாது. அவர்களிடம் திறமையும் பயிற்சியும் இருந்தன. அதைவிட வலுவான சான்று பிரேசில் நாட்டு ஆய்வொன்று. 2021 இல் வெளியானது. தாவர உணவு உண்ணும் இளைஞர் 19 பேரும், எல்லா உணவும் உண்ணும் இளைஞர் 19 பேரும் 12 வாரங்கள் ஒரே வகையான பாரப் பயிற்சி செய்தனர். இரு பகுதியினருக்கும் கிலோகிராமுக்கு 1.6 கிராம் என ஒரே அளவு புரதம் கிடைக்கச் செய்யப்பட்டது. தசை வளர்ச்சியிலும் வலுவிலும் இரு பகுதியினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தாவர உணவினருக்கு அங்கே சோயாப் புரத மாவும் கொடுக்கப்பட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் அளவு நிறைந்தால் மூலம் தடையாகாது என்பதே இதன் பாடம்.

அப்படியாயின் நாமும் டின்னில் வரும் புரத மாவை வாங்க வேண்டுமா? பாடசாலை மாணவருக்கு அது தேவையில்லை என்பேன். ஒரு டின்னின் விலைக்குப் பல மாதங்களுக்கான பருப்பும் பயறும் வாங்கலாம். அத்துடன் சில மாவுகளில் தடைசெய்யப்பட்ட பொருட்கள் கலந்திருந்ததால் வீரர்கள் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கிய சம்பவங்களும் உலகில் உண்டு.

புரதத்தை மட்டும் பேசி நிறுத்துவதும் தவறாகும். உடலுக்கு வேண்டிய சக்தி காபோவைதரேற்றிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் கிடைக்காவிடில், உண்ட புரதமும் விறகாக எரிந்துபோகும். காலை உணவை விட்டுவிட்டு ஓடுபவருக்கு நடப்பது இதுவே. விரத நாட்களில் கடும் பயிற்சியைக் குறைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தாவர உணவிலுள்ள இரும்பு குறைவாகவே அகத்துறிஞ்சப்படும். உணவோடு தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றைச் சேர்த்தால் விற்றமின் சி அதற்கு உதவும். உணவோடு தேநீர் குடித்தால் அது தடைபடும். பெண் பிள்ளைகள் இதில் விசேட கவனம் செலுத்த வேண்டும். பால், முட்டை இரண்டையும் முற்றாகத் தவிர்ப்பவர்கள் விற்றமின் பி12 ஐ வைத்திய ஆலோசனையுடன் தனியே பெற வேண்டும். "சைவம் என்றால் எல்லாம் இருக்கும்" என்பவர்கள் மறந்துவிடும் இடம் இதுவே.

இது சைவ சமயப் பிள்ளைகளின் பிரச்சினை மட்டுமன்று. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மீனும் இறைச்சியும் முட்டையும் எத்தனையோ வீடுகளின் கோப்பைகளிலிருந்து விலகிப் போயின. விருப்பத்தால் மரக்கறி உண்பவருக்கும் வறுமையால் மரக்கறி உண்பவருக்கும் பயறும் கச்சானும் ஒன்றுபோலவே உதவும். ஆகவே பாடசாலைகள் பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு கைப்பிடி அவித்த கடலையோ பயறோ கொடுக்க ஒழுங்கு செய்ய வேண்டும். "மச்சம் சாப்பிடு" என்று கட்டளையிடுவதைவிட இது பயன்மிக்கது; பிள்ளையின் நம்பிக்கையையும் புண்படுத்தாது.

அந்த மாணவி ஓட்டத்தை விடவில்லை. காலையில் அவித்த பயறும் பாலும், பயிற்சி முடிந்ததும் கச்சான் சரையொன்றும் அவளது வழக்கமாயின. பருப்பைத் தண்ணீராக்காமல் தடிப்பாகக் காய்ச்சிக் கொடுத்தவர் அதே அம்மம்மாதான். மாவட்ட மட்டத்தில் அவள் நான்காவதாக வந்தாள். பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் கடைசிச் சுற்றில் அவளது கால்கள் தளரவில்லை. எனக்கு அதுவே போதுமான விடையாக இருந்தது.

சிந்தித்து விடை எழுதுக:
1. 45 கிலோகிராம் நிறையுடைய ஓட்ட வீரர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான மிகக் குறைந்த புரத அளவைக் கணிக்குக.
2. சோறும் பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவது எவ்வாறு?
3. "குறை சைவத்தில் இல்லை, குறை அந்தக் கோப்பையில் இருந்தது." இக்கூற்றுடன் நீர் உடன்படுகின்றீரா? காரணம் தருக.