ஏழு மடங்கு விலை கொடுத்தால் ஏழு மடங்கு வேகம் வருமா?

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர் போன பூமி. அடுத்து நெய்வேலி. மின்சாரம் பிறக்கும் ஊர்.

இந்தப் பக்கத்து வீடுகளிலும் இப்போது ஒரு புதுப் பேச்சு கேட்கிறது.

"அப்பா, கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்."

"என்ன விலைப்பா?"

"முப்பதாயிரத்திலும் இருக்கு. இரண்டு லட்சத்துக்கு மேலேயும் இருக்கு."

அப்பா திகைத்துப் போகிறார். அதில் தவறில்லை. ஒரே பெயருள்ள பொருளுக்கு இத்தனை விலை வித்தியாசமா? விலை கூடினால், வேலையும் அந்த அளவுக்குக் கூடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கார்டு என்ன செய்கிறது?

கம்ப்யூட்டருக்குள் பிராசசர் என்று ஒன்று உண்டு. அது கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை மாதிரி. எவ்வளவு சிக்கலான கணக்கையும் போட்டுவிடும். ஆனால் ஒரு நேரத்தில் சில கணக்குகளைத்தான் போடும்.

கிராபிக்ஸ் கார்டு அப்படி அல்ல. அது முந்திரி உடைக்கும் கொட்டகை மாதிரி. அங்கே ஒவ்வொரு பெண்ணும் செய்வது ஒரே வேலைதான். கொட்டையை உடைத்துப் பருப்பை எடுக்க வேண்டும். ஆனால் நூறு பேர் வரிசையாக உட்கார்ந்தால் மூட்டை மூட்டையாக வேலை முடிந்துவிடும்!

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படம் புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உண்டு. விளையாட்டு ஓடும்போது, வினாடிக்கு 60 தடவை எல்லாப் புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். இதைக் கணக்குப்பிள்ளை ஒருவரால் செய்ய முடியாது. கொட்டகை நிறைய ஆட்கள் வேண்டும்.

இரண்டு கார்டுகள்

கிராபிக்ஸ் கார்டுக்கான சில்லு தயாரிப்பதில் பெரிய நிறுவனம், அமெரிக்காவின் என்விடியா. 1993-ல் தொடங்கப்பட்டது. 2025-ல் அது இரண்டு கார்டுகளை வெளியிட்டது. ஒன்று ஆர்டிஎக்ஸ் 5060. மற்றொன்று ஆர்டிஎக்ஸ் 5090. தம்பியும் அண்ணனும் என்று வைத்துக்கொள்வோம்.

தம்பியின் அறிமுக விலை 299 டாலர். அண்ணனின் விலை 1,999 டாலர். ஏறத்தாழ ஏழு மடங்கு! நம் நாட்டில் இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் உண்டு.

தம்பிக்குள் கணக்குப் போடும் 'ஆட்கள்' 3,840. அண்ணனுக்குள் 21,760. இது ஐந்தே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு.

தம்பியின் நினைவகம் 8 ஜிபி. அண்ணனுக்கு 32 ஜிபி. நான்கு மடங்கு. நினைவகத்திலிருந்து தகவல் ஓடிவரும் வேகமும் நான்கு மடங்குதான்.

ஏழு மடங்கு பணம் கொடுத்தாலும், எந்த வரிசையிலும் ஏழு மடங்கு கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

திரையைப் பாருங்கள்

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டில் இருக்கும் திரை வினாடிக்கு 60 படம் காட்டுவது என்றால், கார்டு 200 படம் தயாரித்தாலும் கண்ணுக்குத் தெரிவது 60 படம்தான்.

சாதாரணத் திரைக்கு அண்ணனைப் பூட்டினால், பல நேரங்களில் அவருக்குக் கொடுக்கப் போதிய வேலையைப் பிராசசரால் அனுப்ப முடியாது. கொட்டகையில் ஆயிரம் பேர் இருந்தும், கொட்டை மூட்டை தாமதமாக வந்தால் என்ன ஆகும்? சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

'4கே' என்னும் உயர்ந்த ரகத் திரையில் 83 லட்சம் புள்ளிகள் உண்டு. சாதாரணத் திரையைப் போல நான்கு மடங்கு. அங்கேதான் அண்ணன் தன் பலத்தைக் காட்டுவார், தம்பி திணறுவார்.

முந்திரிக்கு உள்ள தரம்

முந்திரி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு 180, 240, 320 என்ற தரங்கள் தெரியும். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு என்பதுதான் அந்த எண். பருப்பு பெரிதானால் எண்ணிக்கை குறையும், விலை கூடும். உடைந்த பருப்புக்குத் தனி விலை.

கார்டுக்குள் இருக்கும் சில்லுக்கும் இதே கதைதான். தயாரிக்கும்போது சில சில்லுகளில் சிறு பழுது ஏற்படும். அதைத் தூக்கி எறிவதில்லை. பழுதான பகுதியை நிறுத்திவிட்டு, அடுத்த தரமாக விற்கிறார்கள். 5060-லும் அதற்கு மேற்பட்ட 5060 டிஐ கார்டிலும் இருப்பது ஒரே வகைச் சில்லுதான். மேல் தரத்தில் 4,608 ஆட்கள். கீழ்த் தரத்தில் 3,840 ஆட்கள்.

துண்டுப் பருப்பு போட்ட பாயசம் இனிக்காமலா போய்விடுகிறது?

நெய்வேலிக் கணக்கு

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். முழு வேலை செய்யும்போது தம்பிக்கு 145 வாட் தேவை. அண்ணனுக்கு 575 வாட்.

தம்பி ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 மணி நேரம் ஓடுவார். அண்ணன் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடுவார். நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். 1957-ல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த சுரங்கம் அது. சுற்றுப்புறக் கிராமத்து மக்களின் நிலத்தில் தோண்டப்பட்டது. அந்தக் கரியின் அருமை இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும்.

அண்ணனுக்கு 1,000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. தம்பிக்கு 550 வாட் போதும். ஆகவே கார்டோடு செலவு நின்றுவிடாது.

விலை ஏன் ஏறுகிறது?

2021-ல் 'கிரிப்டோ' என்னும் கண்ணுக்குத் தெரியாத நாணயம் எடுப்பதற்காகக் கார்டுகளை வாங்கிக் குவித்தார்கள். கடையில் சரக்கு இல்லை. விலை பறந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அந்த மோகம் தணிந்தது.

அடுத்து வந்தது செயற்கை அறிவு. அதற்கும் இதே வகைச் சில்லுகள்தான் வேண்டும். பெரிய நிறுவனங்கள் கோடி கோடியாகக் கொட்டி வாங்குகின்றன. நினைவகம் தயாரிப்பவர்களும் அந்தப் பக்கமே சாய்கிறார்கள். மைக்ரான் என்ற அமெரிக்க நிறுவனம், வீட்டுக் கம்ப்யூட்டருக்காக விற்றுவந்த தன் 'குருஷியல்' வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய முதலாளி வாங்கும் சந்தையில், சிறு குடும்பம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

யாருக்கு எது?

வீட்டில் இருப்பது மடிக்கணினியா? அதற்குள் இந்தக் கார்டுகளைச் செருக முடியாது. வாங்கி ஏமாற வேண்டாம்.

பாடம் படிக்கவும், கடிதம் அடிக்கவும், சினிமா பார்க்கவும் தனிக் கார்டே தேவையில்லை.

விளையாடவும், வீடியோ வெட்டி ஒட்டப் பழகவும் விலை குறைந்த கார்டு போதும். ஆனால் 8 ஜிபி நினைவகம் சில புது விளையாட்டுகளுக்குப் போதாமல் போகிறது. 2024 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஆர்க் பி580 கார்டின் அறிமுக விலை 249 டாலர்தான். அதில் 12 ஜிபி உண்டு. இப்படி விசாரித்து வாங்குவது நல்லது.

பெரிய கார்டு வீண் என்று சொல்லவில்லை. அனிமேஷன் படம் செய்து சம்பாதிப்பவருக்கு அது ஆடம்பரம் அல்ல, தொழிற்கருவி. நாள் முழுதும் ஓடும் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தால், போட்ட பணம் திரும்பி வரும். லோடு இருப்பவன் லாரி வாங்கலாம். நாலு பலாப்பழம் கொண்டுபோக லாரி எதற்கு?

பையன் கேட்டதும் "முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கார்டில் பழகிப் பிழைப்புத் தேடிக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. அதற்காக நகையை அடகு வைத்து, விலை உயர்ந்ததை வாங்கவும் வேண்டாம். "என்ன விலைப்பா?" என்று கேட்பதற்கு முன், "எதற்குப்பா?" என்று கேளுங்கள். பையன் சொல்லும் பதிலில், எந்தக் கார்டு வேண்டும் என்பது தெரிந்துவிடும்.