பீப்பாய் ஆசனம்

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் சற்றே களைப்பாறட்டும் என்றுதான் வீதியோரத்தில் ஆசனம் போடுகிறார்கள் என்பது நம் எண்ணம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலோ, பீப்பாயைக் கிடத்தி வைத்தாற்போல் வளைந்த ஒருவகை ஆசனம் போட்டிருந்தார்கள். அதில் சிறிது நேரம் உட்காரலாம்; படுத்தால் உருண்டு விழ வேண்டியதுதான். வீடற்ற ஏழை இரவில் அங்கே தலை சாய்த்துவிடலாகாது என்பதே அதன் உட்பொருள். ஏழைகள் உறங்கிய ஒரு பூங்காவிலே, இரவில் திடீர் திடீரென்று நீர் தெளிக்கும் குழாய்களையும் அமைத்தார்கள். செடிகளுக்காக அல்ல, உறங்குகிறவர்களுக்காக!

ஆயிரமாயிரம் பேர் கண்டும் காணாமலும் கடந்துபோன இவற்றை உலகறிய எடுத்துச் சொன்னவர் மைக் டேவிஸ் என்னும் அறிஞர்.

அவர் 1946-ல் காலிபோர்னியாவில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறாம் வயதில் தந்தை மாரடைப்பால் படுத்துவிடவே, படிப்பை இடையில் விட்டு இறைச்சிக் கம்பெனியில் வேலைக்குப் போனார். அந்தப் பருவத்திலேயே, கறுப்பு ஜனங்களின் சம உரிமைக்காக நடந்த மறியலொன்று அவர் மனத்தைக் கவர்ந்தது. பின்னர் மாணவர் கிளர்ச்சியிலும் யுத்த எதிர்ப்பிலும் ஈடுபட்டார். வயிற்றுப் பாட்டுக்கு லாரி ஓட்டினார். இருபத்தெட்டாம் வயதில், இறைச்சித் தொழிலாளர் சங்கம் அளித்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். நகரத்தை அவர் முதலில் கற்றது லாரியின் முன்னாசனத்தில். புத்தகசாலை அதற்குப் பிறகுதான்.

1990-ல் வெளிவந்த ‘சிட்டி ஆஃப் குவார்ட்ஸ்’ அவருக்குப் பெரும் புகழ் தந்த நூல். பணக்காரர் வாழும் பகுதிகளைச் சூழ்ந்த மதில்களையும், துப்பாக்கிக் காவலரையும், ‘அத்துமீறினால் ஆயுதத்தோடு வருவோம்’ என்று புல்தரையில் நட்ட எச்சரிக்கைப் பலகைகளையும் அதில் ஒவ்வொன்றாக விவரித்தார். பொதுவிடம் சுருங்கச் சுருங்க நகரம் கோட்டையாக மாறுகிறது என்பது அவர் வாதம். இரண்டே ஆண்டுகளில், 1992-ல், அந்நகரம் கலகத்தால் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூலை அலட்சியம் செய்தவர்களும் அப்போது எடுத்துப் புரட்டினார்கள். மிகைப்படுத்துகிறார் என்று அவரைக் கண்டித்தோரும் உண்டு. அது முழுதும் தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த ஆசனம் மிகையன்று. அது வீதியிலே கிடந்தது.

இப்பெரியாருக்கு நாம் பட்ட கடன் வேறொன்றும் உண்டு. 2001-ல் எழுதிய ‘லேட் விக்டோரியன் ஹாலோகாஸ்ட்ஸ்’ என்ற நூலில், 1876-78 ஆண்டுகளின் சென்னை மாகாணப் பஞ்சத்தை அவர் உலகின் முன் வைத்தார். 1877-ல் இங்கே அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கூலியைக் குறைத்தார். நாஜிகளின் புக்கன்வால்டு சிறைமுகாமில் கொடுத்த உணவைக் காட்டிலும் இதன் சத்து குறைவு என்று டேவிஸ் கணக்கிட்டுக் காட்டினார். ஆசனத்தை வளைத்த கையும் படியைக் குறைத்த கையும் ஒரே மனப்பான்மையின் கைகளே: ஏழைக்கு எவ்வளவு இடம், எவ்வளவு சோறு என்பதை ஏழையைக் கேளாமலே அளக்கும் மனப்பான்மை.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. இன்று அதில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. நாமோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து செல்கிறோம். யார் வயிற்றை ஒட்டிக்கொண்டு இந்த மண்ணை வெட்டினார்கள் என்று நினைப்பவர் எத்தனை பேர்?

டேவிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பிள்ளைகளுக்கு எழுத்தை வாசிக்கக் கற்றுத் தருவது எம் தொழில். வீதியை வாசிக்கவும் கற்றுத் தரவேண்டும் என்பதை அவரிடமிருந்தே தெரிந்துகொண்டோம். பாடத்தைத் தொலைவில் தொடங்க வேண்டுவதில்லை. நம் வீட்டு மதிலின்மேல் பதித்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளிலும், பகலில் பூட்டிவைக்கும் பூங்காக் கதவிலும் தொடங்கலாம். ‘இது யாரைத் தடுக்க?’ என்று குழந்தை கேட்டால், பதில் சொல்ல நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.