மானிட்டர் மேல பழி போடாதீங்க பாஸ்!

'எழுத்தெல்லாம் மசமசன்னு தெரியுதா... பேனல் போச்சு, புதுசா வாங்கிடுங்க!' - இந்த ஒரு டயலாக்குல எத்தனை அப்பாக்களோட போனஸ் காலியாகி இருக்குமோ!

எங்க டிபார்ட்மென்ட் ஜூனியர் ஒருத்தன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுறவர். செகண்ட் ஹேண்ட் மானிட்டரை கடைக்குத் தூக்கிட்டுப் போனா, புதுசு 7,000 ரூபாய்னு சொல்லிட்டாங்க. அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, செட்டிங்ஸ்ல 1366-க்கு 768-னு இருக்கு. அது 1920-க்கு 1080 மானிட்டர் சாமி!

எல்.சி.டி. திரையில புள்ளிகளோட எண்ணிக்கை ஃபிக்ஸட். ஃபுல் ஹெச்.டி-னா 20,73,600 புள்ளிகள். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. 1366 புள்ளிக்கான படத்தை 1920-ல பரப்பினா, ஒரு புள்ளிக்கு சுமார் 1.4 வரும். 14 மினி இட்லியை 10 பேருக்கு சமமா பங்கு வைக்கிற கதைதான்... பிச்சுத்தானே ஆகணும்? அந்தப் பிய்ச்சல்தான் மசமச! (பழைய குண்டு மானிட்டர் எந்த ரெசல்யூஷனையும் ஒரு மாதிரி சமாளிச்சுடும். ஆனா, பக்கத்துல ஸ்பீக்கர் வெச்சா காந்தம் பட்டு மூலையில ஊதாக் கலர் படரும். அது வேற வியாதி!)

சரி, செட்டிங்ஸ் ஏன் மாறுச்சு? வில்லன், வி.ஜி.ஏ. கேபிள். 1987-ல ஐ.பி.எம். கொண்டுவந்த சமாசாரம், இன்னும் பல வீடுகள்ல ஓடுது. அதோட 15 பின்ல 12-ம் 15-ம்தான் மானிட்டரோட ஜாதகத்தை கம்ப்யூட்டருக்குச் சொல்றவை. அதுல ஒண்ணு வளைஞ்சாலும், கம்ப்யூட்டர் குத்துமதிப்பா ஒரு ரெசல்யூஷன் போட்டுடும். பின்னை மெதுவா நிமிர்த்தி, 'ரெக்கமண்டட்'னு போட்டிருந்ததை செலக்ட் பண்ணினோம். எழுத்து பளிச்! அப்புறமும் எழுத்துக்குப் பின்னாடி நிழலாடினா, மானிட்டர் மெனுவுல 'ஆட்டோ அட்ஜஸ்ட்' அமுக்குங்க.

ஹெச்.டி.எம்.ஐ. ஆளுங்களுக்கு வேற தலைவலி. கறுப்பு சாம்பலா வெளுத்துத் தெரியும். கம்ப்யூட்டர் டி.வி-க்கு அனுப்புற மாதிரி 16-லருந்து 235 வரைக்கும்தான் அனுப்புது, மானிட்டர் 0-லருந்து 255 வரைக்கும் எதிர்பார்க்குது. கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல 'லிமிடெட்'டை 'ஃபுல்' ஆக்கினா போதும்.

கோடு கோடா வருதா? மானிட்டர் பட்டனை அமுக்கி, அதோட சொந்த மெனுவை வரவழைங்க. அந்த மெனு கம்ப்யூட்டர்லருந்து வர்றது இல்லை, மானிட்டரே வரையுறது. கோடு வர்ற இடத்துக்கு மெனுவை நகர்த்திப் பாருங்க. மெனு மட்டும் சுத்தமா இருந்தா, கேபிளை மாத்திப் பாருங்க. அதுக்கும் அசரலைனா, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொபைல்ல திறங்க. அதுலயும் கோடு இருந்தா கோளாறு கம்ப்யூட்டர்லதான்.

மெனு மேலயும் கோடு ஓடுதா? அப்ப நிஜமாவே மானிட்டர்தான். வாரன்ட்டி கார்டை எந்த டிராயர்ல போட்டீங்கன்னு அம்மாகிட்ட கேளுங்க!