விளக்கை அணைத்தால் கசிவு நின்றுவிடுமா?

பயிரில் இலை மஞ்சளாகிறது. கடைக்காரர் உடனே ஒரு டப்பாவை எடுத்து நீட்டுகிறார். நாம் வாங்குவதில்லை. மஞ்சள் அடியிலையிலா, கொழுந்திலா? தண்ணீர் தேங்குதா? வேர் எப்படி இருக்கு? இப்படிக் கேட்டுப் பழகவே நமக்குப் பல வருசம் ஆனது. அதே நாம், காய் ஏற்றிப் போகும் வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்கிறோம்? மற்றவர்களைச் சொல்லும் முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது பதினாலு வருசப் பழைய டீசல் பிக்கப். தாளவாடியிலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாகச் சத்தியமங்கலம் பக்கம் இறங்கும் வண்டி. நாலு பேர் தோட்டத்துக் கோஸும் பீட்ரூட்டும் அதில்தான் போகும். ஒருநாள் மலை இறங்கும்போது வளைவுகளில் மட்டும் பிரேக் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. சமதளத்தில் எரியவில்லை. பட்டறையில் காட்டினேன். "ஆயில் கம்மியா இருக்குதுங்ணா" என்று ஊற்றி அனுப்பிவிட்டார்கள். மூணே வாரத்தில் மறுபடி எரிந்தது. இன்னொரு பட்டறைக்காரர் ஆயில் டப்பாவின் ஒயரைக் கழற்றிவிட்டு, "சென்சார் கோளாறுங்க, இனி எரியாது" என்றார். எரியவில்லை. எனக்கும் நிம்மதி.

ஒரு மாதம் கழித்து முழுப் பாரத்தோடு இறங்குகிறேன். 27 கொண்டை ஊசி வளைவில் பாதியைத் தாண்டியிருப்பேன். பெடல் அப்படியே கீழே அமுங்கியது. பக்கத்தில் என் மகன். அடுத்தடுத்து மிதித்து, கியரைக் குறைத்து, மலையோரமாக ஒதுக்கி எப்படியோ நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் நனைந்து கிடந்தது. வீல் சிலிண்டர் கசிவு. பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிச் சுற்றாக ஓடுவதால் முன்சக்கரங்கள் மட்டும் பிடித்தன. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் இருப்பது. அது குறைந்தால் காரணம் இரண்டுதான். ஒன்று, பிரேக் பேட் தேய்ந்து, அந்த இடைவெளியை நிரப்ப ஆயில் கீழே இறங்கியிருக்கும். இது மெதுவாக நடக்கும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. வளைவில் திரும்பும்போது ஆயில் ஒருபக்கம் சாய்வதால் மிதவை தாழ்ந்து விளக்கு மினுக்குகிறது. அதாவது, முழுசாக எரிவதற்கு முன்பே வண்டி எச்சரித்திருக்கிறது. காரணம் பார்க்காமல் ஆயில் ஊற்றுவது, வேர் அழுகும் செடிக்கு யூரியா வைப்பது போலத்தான்.

நாமே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. கை பிரேக்கை இழுத்து வைத்துச் சாவியைப் போடுங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கும், அல்லது யாரோ பிடுங்கியிருப்பார்கள். கை பிரேக்கை விட்ட பிறகும் எரிந்தால் முதலில் லீவர் அடியிலுள்ள சுவிட்சைப் பாருங்கள். நம் வண்டிகளில் மண் அடைத்துச் சிக்கிக்கொள்வது சாதாரணம். அடுத்து, சமதளத்தில் நிறுத்தி டப்பாவில் குறைந்தபட்சக் கோட்டைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் மிதவையின் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அணைந்தால் பெரும்பாலும் மிதவைதான் பழுது. அணையாவிட்டால் கை பிரேக் சுவிட்சு அல்லது ஒயர். பார்த்து முடித்ததும் ஒயரைத் திரும்ப மாட்டிவிடுங்கள்!

பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே சுற்றும். பெல்ட் அறுந்தால் இரண்டும் போகும், பெடல் கல் மாதிரி இறுகும். பெடல் இறுகினால் வாக்குவம், அமுங்கினால் கசிவு அல்லது குழாயில் காற்று. இந்த வித்தியாசம் தெரிந்தாலே பாதி நோய் தெரிந்த மாதிரி.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் இறக்கத்தில் சூடேறும்போது கொதித்துப் பிரேக் விட்டுவிடும். அதனால் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். கொட்டகையில் திறந்து கிடந்த பாட்டில் வேண்டாம். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

பழைய வண்டியில் சென்சார் கெடுவது உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எல்லாவற்றையும் சோதித்த பிறகு சொல்ல வேண்டிய முடிவு. சிலிண்டர் மாற்றுவதும் காற்று எடுப்பதும் கைதேர்ந்த மெக்கானிக் வேலை. அவரிடம் "விளக்கை நிறுத்துங்க" என்று கேட்காமல் "ஏன் எரியுதுன்னு காட்டுங்க" என்று கேட்பது நம் வேலை. நான் அப்படிக் கேட்காததுதான் தப்பு.

விதைக்கும் கரைசலுக்கும் கணக்கு எழுதும் நாம், நாலு வீட்டு விளைச்சலையும் ஓட்டுபவர் உயிரையும் சுமக்கும் வண்டியின் பிரேக்குக்கு ஒரு வரி எழுதுவதில்லை. கூட்டாக வண்டி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு நடையிலும் சிறு தொகையைப் பராமரிப்புக்கு ஒதுக்கலாம். மாதக் கூட்டத்தில் பஞ்சகவ்யம் சொல்லிக்கொடுக்கும் நாளில் அரைமணி நேரம் வண்டியின் பானெட்டையும் திறந்து காட்டலாம். அடுத்த சந்தை நடைக்கு முன் நீங்களும் ஒருமுறை திறந்து பாருங்கள்.