வெல்டருக்கு டெஸ்ட் இருக்கு, பெயிண்டருக்கு?

பாய்லரிலிருந்து வரும் ஸ்டீம் பைப்பில் வெல்டு வைக்க கையில் டார்ச் இருக்கிற யாரையும் கூப்பிட முடியாது. 1950-ல் வந்த இந்திய பாய்லர் விதிகளின்படி, டெஸ்ட் கொடுத்து சர்டிஃபிகேட் வாங்கின வெல்டர்தான் வேணும். 45 டிகிரி சாய்ந்து நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டு வைத்துக் காட்டும் '6ஜி' டெஸ்ட் பாஸ் பண்ணினவருக்குத் திருவெறும்பூர் பக்கம் தனி மரியாதை. ஜாயின்ட் பக்கத்திலேயே அவரோட நம்பரைப் போட்டு வைப்பாங்க. நாளைக்குக் கசிந்தால் யார் வைத்த வெல்டு என்று தெரியும்.

அதே சைட்டில் மறுநாள் இரும்பு மேல எபாக்சி அடிக்க வர்றவரிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை. லேபர் கான்ட்ராக்டர் வேனில் காலையில் யார் ஏறினாங்களோ, அவங்கதான் பெயிண்டர்.

இது மாறணும் என்பதுதான் என் கட்சி. 'பெயிண்ட்தானே, அழகுக்கு அடிக்கிறது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நேஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, துருவால் உலகத்துக்கு வருஷம் சுமார் 2.5 டிரில்லியன் டாலர் செலவு. உலக உற்பத்தியில் 3.4 சதவீதம். ஏற்கெனவே தெரிந்த முறைகளை ஒழுங்காகச் செய்தாலே அதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சமாகும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், ஒழுங்காகச் செய்தால் போதும்!

நம்ம ஊர் உதாரணம் பாம்பன். 1914-ல் திறந்த பழைய பாலம், உப்புக்காற்றில் நூறு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தது. சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் அங்கே ஓயாத வேலை. கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. பாலிசிலாக்சேன் பூச்சு, முப்பது வருஷத்துக்கு மேல் பராமரிப்பே வேண்டாம் என்றார்கள். ஆனால் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை துரு ஆரம்பித்திருப்பதாகக் குறிப்பிட்டது. இதற்குப் பெயிண்டர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. டின்னில் எழுதியிருக்கும் வருஷக் கணக்கு, இரும்பைச் சுத்தம் செய்வதில் தொடங்கி கடைசிக் கோட் வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தால் மட்டும்தான் செல்லும் என்கிறேன்.

அந்த 'எல்லாம்' என்ன? பிளாஸ்டிங் பண்ணி இரும்பை ஐஎஸ்ஓ 8501 சொல்கிற 'எஸ்ஏ 2½' சுத்தத்துக்குக் கொண்டு வரணும். அது மறுபடி துருப்பிடிப்பதற்குள் முதல் கோட் விழணும். இரும்பின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூட இருக்கணும். இரண்டு டின்னையும் சரியான விகிதத்தில் கலக்கணும், கலந்ததை நேரம் தாண்டுவதற்குள் தீர்க்கணும். விளிம்பு, போல்ட், வெல்டு இருக்கும் இடங்களில் பெயிண்ட் மெலிசாகிவிடும். அங்கே முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுக்கணும். இதில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு எதுவும் தெரியாது, பளபளன்னுதான் இருக்கும். கொஞ்ச காலம் கழித்து உரியும்போது கான்ட்ராக்டரும் இருக்க மாட்டார், பெயிண்டரும் இருக்க மாட்டார்.

எங்க ஊர் பழையசீவரம், பாலாற்றங்கரை. எங்க தெருவிலிருந்து ஒரு அண்ணன் வருஷக்கணக்காக ஒரகடம் பக்கம் ஷெட், டேங்க் எல்லாம் பெயிண்ட் அடிக்கப் போகிறார். காலையில் புறங்கையை இரும்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "வேர்த்திருக்குப்பா, இப்ப அடிச்சா நிக்காது" என்பார். நாங்கள் ஃபைனல் இயரில் படித்த பனிநிலை அவருக்குக் கையிலேயே இருக்கு. ஆனால் அதைச் சொல்லி வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. "சாயங்காலத்துக்குள்ள முடி" என்றால் முடித்தே ஆகணும். நேற்று வேலைக்கு வந்த பையனுக்கும் அவருக்கும் கூலியில் பெரிய வித்தியாசமும் இல்லை. வெல்டருக்கு ஒரு காகிதம் கொடுக்கிற மரியாதை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தக் காகிதத்துக்கு வழி இருக்கு. ஏஎஸ்டிஎம் டி4228 என்ற அமெரிக்கத் தரம், இரும்பில் பூச்சு அடிப்பவரைத் தகுதி பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. அவரிடம் ஒரு டெஸ்ட் பேனலைக் கொடுத்து அடிக்கச் சொல்லணும், விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே நின்று பார்க்கணும். எஸ்எஸ்பிசி-யும் நேஸும் 2021-ல் ஆம்ப் என்று ஒன்றாவதற்கு முன்பே, இரண்டும் சேர்ந்து பெயிண்டர் தகுதிக்கு ஒரு தரம் போட்டிருக்கின்றன. இந்தியாவிலும் பெயிண்ட் துறைக்கென ஒரு ஸ்கில் கவுன்சில் இருக்கு. இல்லாதது, டெண்டரில் 'தகுதி பெற்ற பெயிண்டர் மட்டும்' என்று கேட்கிற பழக்கம்தான்.

"சர்டிஃபிகேட்னு வந்தா அதையும் காசுக்கு விப்பாங்க, படிக்காதவங்க வேலை போயிடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் எழுத்துப் பரீட்சை வேண்டாம் என்கிறேன். டெஸ்ட் தமிழில், கைவேலையாக நடக்கட்டும். ஃபீஸைக் கான்ட்ராக்டர் கட்டட்டும். பாஸானவருக்குக் கூலி கூடட்டும். கூலி கூடாத சர்டிஃபிகேட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். அப்படி நடந்தால் எங்க அண்ணன் மாதிரி ஆட்கள் முதல் நாளே பாஸ் பண்ணுவாங்க.

நம்ம சிலபஸில் துருவுக்கு கெமிஸ்ட்ரி இருக்கு, ஈக்குவேஷன் இருக்கு. காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டிய சிக்ரி மாதிரி ஒரு ஆராய்ச்சி நிலையமே துருவை ஆராய்கிறது. ஆனால் லேப்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மனிதர் பிரஷ்ஷோடு நிற்கிறார். அவரைப் பற்றி ஒரு பக்கம்கூட நாம் படிக்கவில்லை.

அடுத்த வருஷம் இந்நேரம் நம்மில் பலர் ஏதோ ஒரு சைட்டில் டிரெய்னியாக இருப்போம். இன்ஸ்பெக்ஷன் பிளான் கைக்கு வரும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்போம்: பெயிண்டரின் டெஸ்ட் பேனல், அவர் நம்பர். அப்புறம், காலையில் அவர் "வேர்த்திருக்கு" என்றால் கேஜை எடுத்துப் பார்ப்போம். அவர் சொன்னது சரியென்றால், வேலையை நிறுத்தும் கையெழுத்து நம்மளுடையதாக இருக்கட்டும்.