உருகும் உள்ளமும் தொடும் சொல்லும்

பிறர் துயர் கண்டோ அன்பு கண்டோ உள்ளம் தன்வயம் இழத்தல் மாந்தர் அனைவர்க்கும் பொது. அதனைச் சொல்லும் முறையோ மொழிக்கு மொழி வேறு.

ஆங்கிலத்தார் அந்நிலையைப் பெரும்பாலும் புறத்திருந்து வரும் ஒரு செயலாகவே காண்கின்றனர். ஒரு நிகழ்ச்சி அவர்களைத் தொடுகிறது. ஒரு சொல் அவர்களை அசைக்கிறது. ஒரு பாடல் அவர்தம் இதய நரம்புகளை இழுக்கிறது. இதயத்தை நரம்புகள் தாங்கி நிற்கின்றன என்னும் பழைய உடற்கூற்று நம்பிக்கையிலிருந்து பிறந்தது இக்கடைசித் தொடர். உருகுதல் அம்மொழியிலும் உண்டு. எனினும் அன்றாட வழக்கில் முன்னிற்பவை தொடுதலும் அசைத்தலுமே. அரபு மொழியில் இதயத்தைக் குறிக்கும் ‘கல்பு’ என்னும் சொல்லின் வேர் புரளுதலைச் சுட்டும். நிலைமாறும் இயல்பு அங்கே பெயரிலேயே அமைந்துவிட்டது.

தமிழர் கண்டது அகத்தே நிகழும் மாற்றம். உருகுதல், நெகிழ்தல், கசிதல், கரைதல், இளகுதல், குழைதல் என இறுகியிருந்தது நீர்மை கொள்வதையே நம் சொற்கள் பேசுகின்றன. திருவாசகத்திற்கு உருகாதவர் வேறெதற்கும் உருகார் என்பது நம்மவர் கூற்று. ஒரு நூலின் பெருமையை அளக்கவும் உருகுதலே அளவுகோலாயிற்று! அந்நூலைத்தான் ஜி.யு.போப் 1900ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் தந்தார்.

‘நெகிழ்தல்’ என்னும் சொல்லைப் பொங்கலூர் வட்டாரத்து மாணவர்க்கு விளக்க அகராதி வேண்டுவதில்லை. பாவும் ஊடையுமாக நெய்த துணி எளிதில் இழுபடாது. வளையம் வளையமாகக் கோத்த பின்னல் துணியோ இழுத்தால் விரியும். விட்டால் பழைய நிலைக்கு மீளும். நெகிழ்தல் அறுந்து போதலன்று. நெகிழும் நெஞ்சமும் அத்தகையதே. அது வலியற்ற நெஞ்சமன்று.

இத்துணைச் செல்வம் இருக்க, இன்று பாராட்டுரையாயினும் இரங்கலுரையாயினும் ‘என் இதயத்தைத் தொட்டது’ என்னும் ஒரே தொடர் வந்து நிற்கிறது. அத்தொடரைத் தமிழிலிருந்து விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று, அது வேரூன்றிவிட்டது. ஆனால் அது ஒன்றே போதும் எனக் கொண்டால் நுண்மைகள் மறையும். சினம் தணிந்து மனம் இளகுதல் வேறு. நன்றியால் நெஞ்சு நெகிழ்தல் வேறு. பேச்செழாமல் நா தழுதழுத்தல் வேறு. வியப்பால் மெய் சிலிர்த்தல் வேறு. இவை அனைத்தையும் ‘தொட்டது’ என்று எழுதுவது, பல எண் நூல்களை ஒரே கூம்பில் சுற்றுவதற்கு ஒப்பாகும்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. பனியன் ஆலையிலிருந்து இரவுப் பணி முடித்து வரும் தாய், ‘அதைக் கேட்டு மனசே கரைஞ்சு போச்சு’ என்கிறாள். அவள் மகனோ தேர்வுத்தாளில் அச்சொல்லை எழுதக் கூசுகிறான். மொழிபெயர்த்த தொடரே கற்றோர் தமிழ் என எண்ணுகிறான். தாயின் சொல்லைத் தாழ்ந்ததெனக் கருதும் கல்வி, அவனை அவன் உணர்விலிருந்தே பிரித்துவிடும்.

ஆதலின் மொழிபெயர்ப்பு வகுப்பில் ஆசிரியர், ‘இதற்குச் சொல்லுக்குச் சொல் நேர் என்ன?’ என்று வினவுவதினும், ‘இவ்விடத்தில் உன் வீட்டார் என்ன சொல்வர்?’ என்று வினவுதல் நன்று. பிறமொழி கற்போம், அதன் அழகையும் போற்றுவோம். நம் உள்ளம் உருகும்போது, உருகிற்று என்றே எழுதுவோமாக.